வலைப்பங்கு

எங்க புன்னைத்துறையில கடல் கையை மூடிக்கிட்ட வருசம் அது. புயல்காத்து வந்து வள்ளங்களப் புரட்டிப் போட்டுட்டுப் போன பிறகு, தெக்க ஆழத்துக்குப் போனாலும் மீன் இல்ல, கரையோரமா வளைச்சாலும் இல்ல, விடிய விடிய கரையில நிண்ணு கரமடி வலைய இழுத்தா தொட்டா அரிக்கிற சொறியும் பாசியும் அறுந்த செருப்பும் வருது, இழுத்தவன் உள்ளங்கையில கொப்பளம் வருது, வேற ஒண்ணும் வரல. ஊரே கஞ்சித் தண்ணியக் குடிச்சுக்கிட்டு கடல மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்த அந்த நேரத்துலதான் எங்க காலேஜு ஃபுட்பால் டீமுக்குப் புது கோச்சு வந்தாரு.

நான் ஆக்னஸ். கரமடி கரைக்கு வந்தா மீனக் கூறு வச்சுப் பிரிச்சுக் குடுக்கிறவ. வலைக்காரனுக்கு வலைப்பங்கு, இழுத்தவனுக்கு ஆளுக்கொரு பங்கு, அது போக கயித்துல கை வச்சவன் யாரா இருந்தாலும், வழியில போற அசலூர்க்காரனா இருந்தாலும், பள்ளிக்கூடத்துக்குப் போற போக்குல சும்மா ரெண்டு இழு இழுத்த பிள்ளையா இருந்தாலும், அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. கை வச்சவன வெறுங்கையோட அனுப்பக் கூடாது, அதுதான் எங்க கரை வழக்கம். நான் வச்ச கூறு கொறைச்சல்னு சொன்னவன் இந்தக் கரையில கிடையாது. சொல்லிப் பாத்த ஒருத்தன் என் வாயில விழுந்து எந்திரிச்சு இப்ப துபாய்ல இருக்கான்.

கோச்சு பேரு மாதேசன். தர்மபுரிப் பக்கம். அந்த மனுஷன் அதுக்கு முந்தி கடலப் பாத்ததே இல்ல. வந்த அண்ணைக்கு மைதானத்துல நின்னு கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டே பேசினாரு. எதுக்கு சாரே இப்பிடி நிக்கீயன்னு கேட்டா, "அது அசைஞ்சுக்கிட்டே இருக்குங்க அக்கா, பாத்தா தலை சுத்துது"ங்காரு. மீன் வாசம் பட்டாலே கைக்குட்டை மூக்குக்குப் போயிரும். தயிர்ச்சோறும் களியும் தின்னுற ஒருத்தரக் கொண்டு வந்து மீனுலயும் உப்புலயும் ஊறிக் கெடக்கிற எங்க ஊருல விட்டா என்னத்துக்கு ஆவும்னு நாங்க சிரியா சிரிச்சோம்.

பயலுவ மட்டும் லேசுப்பட்டவனுவளா? ஒவ்வொருத்தனும் தனியா பாத்தா சூரன். பந்து கால்ல வந்துட்டா அப்பன் வீட்டுச் சொத்து வந்த மாதிரிதான், அடுத்தவனுக்குக் குடுக்க மாட்டான். அதுலயும் முன்னால ஆடுற டார்வின் இருக்கானே, பந்த வாங்கினா தலைய நிமித்தவே மாட்டான், எதிர்ல எத்தன பேரு நிண்ணாலும் ஒத்தைக்கே போவான், பந்தப் பறிகுடுத்துட்டுக் கூட ஆடுறவனத் திட்டுவான். மாதேசன் சாரு காலையிலயும் சாயங்காலமும், "குடு, குடு, பக்கத்தாளுக்குக் குடு"ன்னு கத்தித் தொண்டை கட்டினதுதான் மிச்சம்.

மைதானத்துல கடல் பக்கம் இருக்கிற கோல்ல வலை கிடையாது. கோல் விழுந்தா பந்து நேரா கடலுக்குப் போயிரும், பிராக்டிஸுல பாதி நேரம் நீச்சல்தான். காலேஜு ஆபீஸுல கேட்டா அடுத்த வருசம்னாவ. அதனால கோச்சே ஊருக்குள்ள வலை கேட்டுக் கெளம்பினாரு. மீன்பிடிக்கிற ஊரு, வலைக்கா பஞ்சம், ஒரு பழைய வலை குடுக்க மாட்டாங்களான்னு நெனச்சிருக்காரு. போனவரு எங்க யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்காம, வாசல்ல கரமடி வலை தொங்கினதப் பாத்துட்டு, லில்லிபாய்க்க வீட்டுப் படியில போய் ஏறிட்டாரு.

அந்தப் படியில ஊர்க்காரங்க யாரும் ஏற மாட்டோம். லில்லிபாய்க்க வீட்டுக்காரர் பனியடிமை அந்தக் காத்துல போனவரு. வள்ளம் கவுந்து கரைக்கு வந்துச்சு, ஆள் வரல. உடம்பு கெடைக்காத ஆளு எங்க ஊருல செத்தவனும் இல்ல, இருக்கிறவனும் இல்ல. அவன் வீட்டுப் பொருள யாரும் போய்க் கேக்க மாட்டோம், கேட்டா அவன் இல்லேன்னு நம்ம வாயாலேயே சொன்ன மாதிரி ஆயிரும். அப்பிடிக் கேக்காம கேக்காம, கடைசியில அந்த வீட்டோட யாரும் எதுவுமே பேசாம ஆயிட்டோம். லில்லிபாய் கல்யாண வீட்டுக்கும் வர மாட்டா, துட்டி வீட்டுக்கும் வர மாட்டா. பெட்டிய வெறுசா வச்சு அடக்கப் பூசை வைக்கலாமான்னு ஃபாதர் கேட்டப்போ, "என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரு, ஃபாதர்"ன்னு சொல்லிக் கதவச் சாத்தினவ.

அந்தக் கதவத்தான் மாதேசன் சாரு தட்டினாரு. "அக்கா, வீட்டுக்காரர் இருக்காருங்களா?"

நான் எதுத்த வாசல்ல கருவாடு காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்.  மாதாவே, இந்த மனுஷன் என்னத்தக் கேட்டுத் தொலைச்சிட்டாருன்னு எந்திரிச்சு ஓடுதேன், அதுக்குள்ள லில்லிபாய் கதவத் தொறந்துட்டா. அவ முகத்துல கோவமே இல்ல. 

"கடலுக்குப் போயிருக்காரு. என்ன வேணும் சாரே?"

"கோலுக்குக் கட்ட வலை ஒண்ணு வேணும்ங்க. அவரு வந்ததும் கேட்டுச் சொல்றீங்களா? நாளைக்கு வர்றேன்."

லில்லிபாய் சிரிச்சா. சத்தியமா சொல்லுதேன், அந்தக் காத்துக்குப் பிறகு அவ சிரிச்சு அண்ணைக்குத்தான் பாத்தேன். அவரு வந்ததும்னு ஒருத்தர் சொல்லிட்டாருல்லா, இத்தன மாசமா ஊருல ஒரு நாய் கூடச் சொல்லாத வார்த்த. "அவரு குடுக்காதேன்னு சொல்ல மாட்டாரு சாரே, எடுத்துட்டுப் போங்க"ன்னு கரமடியோட மடிப்பக்கத்த, மீன் வந்து சேருற பைய, அறுத்து அவ கையாலேயே அவருக்குத் தோள்ல போட்டு விட்டா. அவரு ஒரு கையால மூக்கப் பொத்திக்கிட்டு, ஒரு கையால வலையப் பிடிச்சுக்கிட்டுப் போனாரு. அவளுக்க மவன் ரெஜின் அந்த டீமுலதான் கோலி, கோல் காக்கிறவன். அப்பனுக்க வலைய அவனேதான் கம்பத்துல கட்டினான்.

யுனிவர்சிட்டிப் போட்டியில மொத மேட்சு. டார்வின் வழக்கம் போல ஒத்தைக்கே ஓடி, ஒத்தைக்கே அடிச்சான். பந்து வலையில போய் விழுந்துச்சு, வலை ஒரு குலுங்கு குலுங்குச்சு, கடல்ல இருந்து தூக்கின மாதிரி தண்ணி சொட்டிச்சு, பாத்தா பந்தச் சுத்தி ஒரு கைப்பிடி நெத்திலி துள்ளுது. ரெஃப்ரி கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தாரு, விசில் ஊதி கோலுன்னாரு, மீன அப்புறப்படுத்தச் சொன்னாரு. எங்க பொம்பளைய நாலு பேரு முந்தானையோட ஓடினாவ. அவ்வளவுதான். மீன் ஏன் வந்துச்சுன்னு எங்க ஊருல ஒருத்தரும் கேக்கல; கடல்ல வர வேண்டியது எங்கயாவது வரத்தானே செய்யும், வலை இருக்கிற இடத்துல வருது. எங்களுக்கு வந்த சண்டை வேற. அந்த நெத்திலி யாருக்கு?

எல்லாரும் என்னப் பாத்தாவ. நான் அங்கேயே சொல்லிட்டேன். "பந்து நம்மகிட்ட வந்ததுல இருந்து கோலாகிற வரைக்கும் யாரு யாரு கால் பட்டுதோ அவியதான் கயித்துல கை வச்சவிய. அவியளுக்குப் பங்கு. வலைக்காரருக்கு வலைப்பங்கு." டார்வின் ஒத்தைக்கு ஆடினதால டார்வினுக்கு ஒரு கூறு, பனியடிமைக்கு ஒரு கூறு. லில்லிபாய் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவ வாங்கல. "வலைப்பங்கு வலைக்காரருக்கு. அவரு வந்து வாங்கிக்கிடுவாரு அக்கா"ன்னுட்டா. அந்தக் கூறு மைதானத்து ஓரத்துல பொழுது சாயிற வரைக்கும் இருந்துச்சு. காக்கா கூட அதத் தொடல, எங்க ஊருக் காக்காவுக்கும் மட்டு மரியாதை உண்டு. இருட்டினதும் அத அநாதைப் பிள்ளைய இல்லத்துக்குக் குடுத்து விட்டேன். ஒவ்வொரு மேட்சுக்கும் அப்பிடித்தான் செஞ்சேன்.

போகப் போகத்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. ஒத்தைக்கு அடிச்சா நெத்திலி. ரெண்டு மூணு பேரு கை மாறி வந்தா சாளையும் அயிலையும் கூடை கூடையா. ஆறேழு பேரு காலு பட்டு வந்தா பாரை, வாளை, ஒருதரம் ஒரு ஆள் நீளத்துக்கு நெய்மீன். மாதேசன் சாரு தொண்டை கிழியக் கத்தி நடக்காதது மீனுக்கு நடந்துச்சு. டார்வினுக்க அம்ம கோட்டுக்கு வெளிய நிண்ணு, "சவத்துப் பயலே, நெத்திலிய வச்சு நாக்கு வழிக்கவா? குடுலே அவனுக்கு!"ன்னு கத்துவா. பிறகு ஊரே கத்த ஆரம்பிச்சுது, அதுவும் சும்மா இல்ல, வீட்டு நெலவரம் பாத்துக் கத்துவாவ. "லே, இடது பக்கம் நிக்கவனுக்குக் குடு, அவனுக்க அக்கா பிள்ளை பெத்துக் கெடக்கா! ஏலே, அந்தக் குட்டைப்பயலுக்கு ஒரு தட்டு தட்டு, அவன் வீட்டு அடுப்பு எரிஞ்சு எத்தன நாளாச்சு!" பசிச்ச வீட்டுப் பிள்ளையத் தேடித் தேடிப் பந்து போவும். எதிராளிக்கு ஒரு மண்ணும் விளங்காது. பந்து எங்க போவும்னு அவன் மைதானத்தப் பாத்துக் கணக்குப் போடுதான், எங்க பயலுவ அடுப்பப் பாத்துக் கணக்குப் போடுதானுவ.

தோக்கடிச்சே பழகின டீமுகள்லாம் எங்ககிட்டத் தோத்துது. நாங்க தடுக்கிற பக்கமா அந்த வலை இருக்கும்போது எதிராளி அடிச்ச கோலுக்கும் மீன் வரும், அதையும் நான் ஒரு துண்டு மறைக்காம எதிராளிக்கே கூறு வச்சுக் குடுத்தேன். தொட்டவனுக்குப் பங்கு, அதுல என்ன நம்ம ஆளு, அசலாளு? தோத்துப் போன பிள்ளைய மீன் பையோட பஸ் ஏறிச் சிரிச்சுக்கிட்டுப் போகும். பிறகு எங்களோட ஆட வர்ற டீமு பூட்ஸக் கொண்டு வருதோ இல்லியோ, பையக் கொண்டு வந்துரும். யுனிவர்சிட்டியில இருந்து ஒரு ஆளு விசாரிக்க வந்தாரு. சட்டத்துல பந்தோட எடை இருக்கு, கம்பத்தோட உயரம் இருக்கு, வலையில மீன் வரக் கூடாதுன்னு எங்கயும் இல்லேன்னு சொல்லிட்டு, ரெண்டு அயிலையோட போனாரு. வெளியூர் மேட்சுக்கெல்லாம் வலையச் சுருட்டி பஸ்ஸுல கொண்டு போனோம். மாதேசன் சாரு டிரைவர் பக்கத்துல கைக்குட்டையோட உக்காந்திருப்பாரு.

எல்லாருக்கும் மீன் போச்சு. ஒருத்தனத் தவிர. கோலிக்கு எங்க பங்கு வருது? ஆட்டம் எல்லாம் அந்தக் கோடியில நடக்கும், அவன் இந்தக் கோடியில தனியா நிப்பான், அவன் கையில வந்த பந்த ஓங்கி ஒரே அடியா அடிச்சு விட்டா அது எதிராளி தலையில பட்டுத்தான் எறங்கும். வலையும் அவன் வீட்டு வலை, ஒரு மீன் அவன் வீட்டுக்குப் போகல. மேட்சு முடிஞ்சதும் அவன் நேரா அந்த வலைக்குப் போவான். கண்ணியில வெரல விட்டுக்கிட்டுச் சும்மா நிப்பான். நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். வேற என்ன செய்ய?

ஒரு நாள் நான் கூறு வச்சுக்கிட்டு இருக்கும்போது ரெஜின் மாதேசன் சாருகிட்ட வந்தான். "சாரே, எனக்கும் பந்து குடுக்கச் சொல்லுங்க."

"மீனுக்காடா?"

"மீனுக்கில்ல சாரே." கையுறையக் கழட்டிக்கிட்டே சொன்னான். "எங்க அம்ம ராத்திரி வாசல்ல லைட்ட அணைக்கவே மாட்டேங்கா சாரே. அப்பா வருவாரா வர மாட்டாரா, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும். எல்லாருக்கும் அவிய வீட்டுக்கு வேண்டியது இந்த வலையில வருது. நான் தொட்டா எனக்க வீட்டுக்கு வேண்டியது வராதா?"

மாதேசன் சாரு முகம் ஒரு மாதிரி ஆயிப் போச்சு. தான் யாருக்க வலையக் கேட்டு வாங்கினோம்னு அதுக்குள்ள அவருக்கு யாரோ சொல்லியிருந்தாவ. சொன்ன அண்ணையில இருந்து அவரு லில்லிபாய் வீட்டுப் பக்கம் தலைகுனிஞ்சுதான் போவாரு. மூக்குல இருந்து கைக்குட்டைய எடுத்தாரு. "இனிமே நம்ம ஆட்டம் ரெஜின் கால்ல இருந்துதான் தொடங்கும்"னாரு.

செமிஃபைனல் மலையடிவாரத்துல ஒரு டவுனுல. கடல் வாசமே எட்டாத ஊரு. ரெஜின் பந்த அடிக்காம, பக்கத்துல நிண்ணவனுக்கு மெல்ல உருட்டினான். எங்க ஆளுவளுக்கு உசிரு போயிட்டு. கோலி கால்ல பந்த வச்சு வெளையாடுறது சோத்துப் பானைய நடுத்தெருவுல வைக்கிற மாதிரில்லா! ஆனா பந்து போச்சு, ஒருத்தன் விடாம கால் மாறிக் கால் மாறி, கடைசியில டார்வின் தொட்டு விட்டான், கோல். வலை குலுங்குச்சு. மீன் ஒண்ணும் துள்ளல. பந்துக்குப் பக்கத்துல ஒரு தூக்குவாளி கெடந்துச்சு, மூடி இறுக்கிப் பூட்டினபடி.

அந்தத் தூக்குவாளிய எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். பனியடிமை கடலுக்குக் கொண்டு போற வாளி.

ரெஜின் அத மடியில வச்சுக்கிட்டே பஸ்ஸுல வந்தான்.  லில்லிபாய் வாசல்லேயே வாங்கினா, மூடியத் தொறந்தா. உள்ள அந்தக் காத்தடிச்ச காலையில அவ ஊத்திக் குடுத்த கஞ்சி, துவையல் ஓரத்துல அப்பிடியே, ஆவி பறக்குது. அவ அப்பிடியே உக்காந்துட்டா. "தின்னல அக்கா"ன்னா என்னப் பாத்து. "ஒரு வாய் தின்னல. பசியோடல்லா போயிருக்காரு." எனக்கு அழுகை பொங்கிட்டு வந்துச்சு. நான் அழுதேன், அவ அழல.

கஞ்சி ஆறவே இல்ல. அடுக்களை அலமாரியில வச்சிருந்தா, மறுநாளும் சுட்டுது, அதுக்கு மறுநாளும் சுட்டுது. ஊருல ஒவ்வொருத்தரா வந்து தொட்டுப் பாத்துட்டுப் போனாவ. கஞ்சி சூடா இருந்தா ஆளு உசிரோட இருக்காருன்னு பாதிப் பேரு, ஆளு இருந்திருந்தா கஞ்சியத் தின்னிருப்பாருல்லான்னு மீதிப் பேரு. ஃபாதரும் வந்தாரு, வாளியில கைய வச்சாரு, வெடுக்குன்னு எடுத்தாரு. "சுடுது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. ஒண்ணுல மட்டும் ஊருக்குச் சந்தேகமே இல்ல: ரெஜின் கால் பட்ட பந்து அடுத்த தடவ கோலானா, பனியடிமை வருவாரு. எப்பிடி வருவாருங்கிறதுதான் தெரியல.

ஃபைனல் எங்க மைதானத்துல. அதுக்கு முந்தின நாளு சாயங்காலம் லில்லிபாய் மவனக் கூப்பிட்டு, என்ன வச்சுக்கிட்டே சொன்னா. "மக்கா, நாளைக்கு நீ கோலுக்குப் போற பந்தத் தொடாத."

"ஏம்மா?"

"இப்ப எனக்கு அவரு இருக்காரு. பாதிதான், ஆனாலும் இருக்காரு. நீ தொட்டா அந்தப் பாதியும் போயிட்டுன்னா நான் என்ன செய்வேன்?"

அவன் சரின்னு தலையாட்டினான்.  இந்தப் பொம்பளைக்கு நான் என்னத்தச் சொல்ல? அந்தப் பிள்ளைக்கு என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் சொல்லுறது நியாயந்தானே.

ஃபைனலுக்கு வந்தது திருநெல்வேலிப் பக்கத்து டீமு, பையெல்லாம் கொண்டு வந்திருந்தானுவ. லில்லிபாய் அண்ணைக்கு மொதத் தடவயா மைதானத்துக்கு வந்தா. மவன் தொடாம இருக்கானான்னு பாக்கத்தான் வந்தா. வலை கட்டின கோலுக்குப் பின்னால, கடலுக்கு முதுகக் காட்டி உக்காந்தா.

மொதப் பாதியில ரெஜின் அந்த வலைக்கு முன்னாலதான் நிண்ணான். அம்மையும் மவனும் நடுவுல வலையுமா இருந்தாவ. எதிராளி அழகா ஆடி ஒரு கோல் போட்டான். வலை குலுங்குச்சு, தண்ணி சொட்டிச்சு, அந்தப் பயலுவ பையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தானுவ. வலையில ஒண்ணும் இல்ல. ஒரு நெத்திலி இல்ல, ஒரு பாசி இல்ல. 

ரெண்டாம் பாதியில பக்கம் மாறிச்சு. ரெஜின் அந்தக் கோடிக்குப் போயிட்டான், எங்க ஆளுவ வலையப் பாத்து ஆடினானுவ. ரெஜின் தன் கைக்கு வந்த பந்தையெல்லாம் கோட்டுக்கு வெளியத்தான் அடிச்சான். கோச்சு கையக் கட்டிக்கிட்டு நிண்ணாரு. டார்வின் அவனா ஒரு பந்தப் பறிச்சு, பழைய டார்வினா ஒத்தைக்கே போய் ஒரு கோல் போட்டான். ஆட்டம் சமம். வலை மறுபடியும் வெறும் வலை. கடல் எதையோ ஒண்ணப் பிடிச்சு வச்சுக்கிட்டு, மத்ததையெல்லாம் நிறுத்தி வச்சிருக்குன்னு அப்பதான் எல்லாருக்கும் விளங்கிச்சு. 

லில்லிபாய் எந்திரிச்சா. வலையில கைய வச்சா. வலைக்காரன் பொண்டாட்டி அவ, கயித்தத் தொட்டா உள்ள என்ன கெடக்குன்னு சொல்லிருவா. காத்துல சும்மா தொங்குற வலைதான், ஆனா அவ கை வச்சதும் பாரம் ஏறின வலை மாதிரி அவ கையக் கீழ இழுக்கிறத நான் பக்கத்துல நிண்ணு பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு எவ்வளவு நேரம் நிண்ணாளோ. பிறகு கையெடுத்தா, கோட்டோரமா நடந்தா, மைதானம் முழுக்க நடந்தா, ஆட்டம் நடக்கிறதையே பாக்காம நேரா மவன் நிக்கிற கோடிக்குப் போனா.

"ரெஜினு! பந்தத் தொடு மக்கா."

அவன் திரும்பிப் பாத்தான்.

"உங்க அப்பா பசியோட கெடக்காரு. என் ஆசைக்காக அவர அங்கேயே எத்தன காலம் போட்டு வைக்க? கொண்டா அவர. எப்பிடி வந்தாலும் கொண்டா."

ரெஜின் சட்டைக் கையால மூஞ்சத் தொடச்சான். அடுத்து கைக்கு வந்த பந்தக் கீழ வச்சான். வலது காலால மெல்லத் தட்டினான். பக்கத்துல நிண்ணவன் வாங்கினான், வாங்கினவன் குடுத்தான், குடுத்தது அடுத்தவன் காலுக்குப் போச்சு, எங்க ஊருல ஒருத்தரும் கத்தல, எவன் வீட்டு அடுப்பப் பத்தியும் பேசல, பந்து இடது ஓரமாப் போச்சு, திரும்பி நடுவுக்கு வந்துச்சு, குட்டைப்பய தொட்டான், அக்கா பிள்ளை பெத்தவன் தொட்டான், ஓடவே மாட்டாத தடியன் கூட ஓடி வந்து தொட்டான், கயித்த இழுக்கிற மாதிரி ஒரே சீரா, ஒருத்தன் விடாம எல்லாரும் தொட்டு, கடைசியில டார்வினுக்கு வந்துச்சு. அவன் தலைய நிமித்திப் பாத்து அடிச்சான். எதிராளியில ஒரு நெட்டையன், சுடலைமணின்னு பேரு, குறுக்க விழுந்து தடுத்தான், பந்து அவன் முட்டியில பட்டு, திசை மாறி, உள்ள போச்சு.

கம்பம் ரெண்டும் முன்னால வளைஞ்சுது. வலை தரையோட எறங்கிச்சு, தண்ணி குடங்குடமாக் கொட்டிச்சு. தண்ணி வடிஞ்சதும் பாத்தோம். பனியடிமை ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. காத்தடிச்ச காலையில போட்டுட்டுப் போன அதே கோடு போட்ட சட்டை. முகத்துல ஒரு கொறையும் இல்ல, இமையில மட்டும் கொஞ்சம் மணலு. மூச்சு இல்ல.

ரெஃப்ரி கோலுன்னு கையக் காட்டினாரு, விசில வாயில வச்சாரு, ஊதாமலே எடுத்து பையில போட்டுட்டாரு. மொதல்ல வலைக்குள்ள போனது மாதேசன் சாரு. மீன் செதிலத் தொட்டா நாலு தடவ சோப்புப் போடுற மனுஷன், முழங்கால் போட்டு உக்காந்து, பனியடிமைக்க கால்ல மாட்டின கண்ணிய ஒவ்வொண்ணா எடுத்து விட்டாரு. "அண்ணே, உங்களக் கேக்காம எடுத்துட்டேங்க"ன்னு அவருக்க காதுகிட்டச் சொன்னாரு. ரெஜின் ஓடி வந்து அப்பா மேல விழுந்தான். லில்லிபாய் மைதானத்தத் திரும்ப நடந்து வந்தா, உக்காந்தா, முந்தானையால அவரு இமையில இருந்த மணலத் தொடச்சா. பிறகுதான் அழுதா. இத்தன மாசமும் அழாத அழுகை. ஊரே அழுதுச்சு, ஆட வந்த திருநெல்வேலிப் பயலுவளும் பையக் கீழ போட்டுட்டு அழுதானுவ. அந்த நேரம் அவ வீட்டுக் கஞ்சி ஆறிப் போச்சுன்னு பிறகு பாத்தவிய சொன்னாவ.

அழுது ஓஞ்சதும் லில்லிபாய் என்னப் பாத்தா. "அக்கா, பிரிங்க."

எனக்கு ஒண்ணும் ஓடல. என்னத்தப் பிரிக்க?

"வலைப்பங்கு வந்துட்டு அக்கா. அத நான் வாங்கிக்கிட்டேன். தொட்டவியளுக்குப் பங்கு உண்டுல்லா, பிள்ளைய எல்லாம் நிக்காவல்லா, பிரிங்க."

அப்பதான் எனக்கு விளங்கிச்சு. கோயில்ல இருந்து பெட்டி வந்துச்சு. அவரக் குளிப்பாட்டி, வேட்டி உடுத்திப் படுக்க வச்சோம். கல்லறை கடற்கரையோரம், மைதானத்துல இருந்து நல்ல நடை. நான் எந்திரிச்சு நிண்ணு, கரையில கூறு வைக்கிற அதே சத்தத்துல, தொட்ட வரிசையிலயே பேரு சொன்னேன். மொதல்ல ரெஜின், தலைமாட்டுல. பிறகு ஒவ்வொருத்தனா வந்து பெட்டிக்குத் தோளக் குடுத்தான். கடைசியில டார்வின். யாருக்கும் கூடுதலும் இல்ல, கொறைச்சலும் இல்ல. பெட்டியத் தூக்கப் போறோம்.

"எக்கா."

திரும்பிப் பாத்தா அந்தச் சுடலைமணி. பூட்ஸக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, முட்டியில ரத்தமும் மண்ணுமா நிக்கான். அவங்க டீமுப் பயலுவ அவன் கையப் பிடிச்சு இழுக்கானுவ.

"எக்கா, பந்து என் முட்டில பட்டுதுல்லா."

"பட்டுது மக்கா."

"அப்போ எனக்கும் ஒரு பங்கு உண்டுல்லாக்கா?"

நான் லில்லிபாயப் பாத்தேன். அவ நகந்து இடம் விட்டா.

"உண்டு மக்கா. வா, வந்து தோள் குடு"ன்னேன்.